ஓலைக்கும் ஒரு டிரைவர் வேண்டும்

புதுச்சேரி கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு அப்படியே வடக்கே நடந்தால் செயின்ட் லூயி வீதி வரும். அங்கே வெள்ளையும் மஞ்சளுமாக நிற்கும் பழைய கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட். 1955-இல் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டு மூட்டை கட்டிய மறு வருஷமே, 'ஆட்சி போனாலும் ஆராய்ச்சி போகாது' என்கிற மாதிரி ஆரம்பித்தார்கள். நிறுவியவர் ழான் ஃபிலியோசா. கண் டாக்டராக இருந்து சம்ஸ்கிருதமும் தமிழும் படித்தவர்.

இங்கே இருக்கும் புதையல், ஓலைச்சுவடிகள். கோயில் கோயிலாக, மடம் மடமாக, குருக்கள் வீடு வீடாகத் தேடிச் சேர்த்தவை. இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் என்.ஆர்.பட். துமாஸ் வீதியில் உள்ள இன்னொரு பிரெஞ்சு ஆய்வு மையத்தின் சேகரிப்பையும் சேர்த்தால் சுமார் 11,000 சுவடிகள். பெரும்பாலும் சைவ ஆகமங்கள், சித்தாந்த நூல்கள். 2005-இல் யுனெஸ்கோ இவற்றை 'உலகின் நினைவு' பட்டியலில் சேர்த்தது.

சரி, இதற்கும் டிரைவருக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு ஃபிளாப்பியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றரை அங்குலச் சதுரம். ஒரு பக்கத்துக்கு 80 வட்டத் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 18 கூறுகள். ஒவ்வொரு கூறிலும் 512 பைட். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள், 14,74,560 பைட் வரும். '1.44 எம்.பி.' என்று அட்டையில் போட்டிருந்தது இதைத்தான். இன்றைக்கு செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதில் அடங்காது. ஆனால், ஒரு காலத்தில் ஒரு முழு நாவலே அதற்குள் அடங்கியது.

இந்தத் தகட்டை கம்ப்யூட்டருக்குள் செருகினால் மட்டும் போதாது. 'மோட்டாரைச் சுற்று. வேகம் நிமிஷத்துக்கு 300 சுற்று ஆகும்வரை பொறு. தலையை 42-ஆம் தடத்துக்கு நகர்த்து. இப்போது படி' என்று யாராவது உத்தரவு போட வேண்டும். அந்த யாரோதான் டிரைவர். ஸ்டியரிங் பிடிக்கிற ஆள் இல்லை, ஒரு நிரல். இந்தப் பக்கம் இயந்திரத்தின் பாஷை தெரியும், அந்தப் பக்கம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பாஷை தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியில் இப்படி இரண்டு பக்கமும் பேசுகிறவரை 'துபாஷி' என்றார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? இயந்திரம் மாறுவதில்லை. இருபது, முப்பது வருஷத்துக்கு முன் செய்தபடியே கிடக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டமோ வருஷா வருஷம் சட்டை மாற்றுகிறது. உள்ளே ஒரு கட்டளையின் பெயரை மாற்றுவார்கள், இன்னொன்றை எடுத்தே விடுவார்கள். பழைய துபாஷிக்குப் புது துரையின் பேச்சு புரியாமல் போகும். தகடு நன்றாக இருக்கும், அதில் உள்ள எழுத்தும் நன்றாக இருக்கும், ஆனால் படிக்க முடியாது!

இது கற்பனை இல்லை. 2019-இல் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ், ஃபிளாப்பி டிரைவரை 'அநாதை' என்று குறித்துவைத்தார். அதைப் பராமரித்தவரிடம் ஓடுகிற ஃபிளாப்பி இயந்திரமே இல்லாமல் போய்விட்டது. இயந்திரம் இல்லாமல் திருத்தியது சரியா தப்பா என்று எப்படிச் சோதிப்பது? நல்லவேளை, பிறகு வேறொருவர் அந்த அநாதையைத் தத்து எடுத்துக்கொண்டார்.

ஃபிளாப்பியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு. 1990-களில் வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு வந்த சின்ன டேப் டிரைவ். ஃபிளாப்பியின் கேபிளிலேயே ஒட்டிக்கொண்டு ஓடும். அதற்கு லினக்ஸில் 'எஃப்டேப்' என்று ஒரு டிரைவர் இருந்தது. 2000-களில், யாரும் பயன்படுத்துவதில்லை என்று தூக்கிவிட்டார்கள். டேப் வைத்திருந்தவர்கள் பழைய கம்ப்யூட்டரையும் பழைய லினக்ஸையும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். 2025-இல் ஒருவர், செயற்கை நுண்ணறிவின் துணையோடு அந்தப் பழைய நிரலை வரி வரியாகப் புது லினக்ஸுக்கு ஏற்ப மாற்றி மறுபடி ஓடவைத்தார். எப்படி முடிந்தது? பழைய நிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடந்தது. ஓடுகிற டேப் இயந்திரமும் அவர் கையில் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கதை கந்தல்.

அமெரிக்காவின் நாசாவே இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 1966, 67-இல் நிலவைச் சுற்றிய ஐந்து விண்கலங்கள் அனுப்பிய படங்கள் பெரிய காந்த நாடாக்களில் பதிவாகியிருந்தன. நாடாக்கள் பிழைத்தன. அவற்றைப் படிக்கும் ராட்சச இயந்திரங்கள்? நான்சி எவன்ஸ் என்கிற ஆவணக் காப்பாளர் பிடிவாதமாகப் பல வருஷம் அவற்றைப் பாதுகாத்துவைத்தார். கடைசியில், மூடிக்கிடந்த ஒரு ஹோட்டல் கட்டடத்தில் வைத்து அவற்றைப் பழுது பார்த்தார்கள். நிலவுக்கு மேலே பூமி தெரிகிற 1966-ஆம் வருஷத்துப் படம், 2008-இல் முன்பைவிடப் பல மடங்கு தெளிவாக வந்தது.

இப்போது செயின்ட் லூயி வீதிக்குத் திரும்புவோம்.

ஓலைச்சுவடியும் ஒரு ஃபிளாப்பிதான். எழுத்தாணியால் கீறியிருப்பார்கள், மை கிடையாது. விளக்குக் கரியைப் பூசித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் மட்டும் படித்துவிட முடியுமா? தமிழ் ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றும் தெரியாது. ஆகமங்களோ பெரும்பாலும் கிரந்த எழுத்தில். ஓலையைப் புரட்டி, 'இது இந்தச் சொல், இது இந்தப் பொருள்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்தப் பண்டிதர்தான் ஓலையின் டிரைவர்.

இதை அந்த இன்ஸ்டிட்யூட்காரர்கள் ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டதுதான் பெரிய விஷயம். ஓலையைச் சேர்த்து அலமாரியில் அடுக்கியதோடு நிற்கவில்லை. படிக்கத் தெரிந்த பண்டிதர்களை உட்காரவைத்து, கிரந்தத்திலிருந்து தேவநாகரிக்கு மாற்றிக் காகிதத்தில் எழுதவைத்தார்கள். அப்படி உருவான காகிதப் பிரதிகள் ஆயிரத்துக்கும் மேல். கடன் வாங்கிய சுவடிகளைக்கூடப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். நம் ஊர் வெயிலிலும் பூச்சியிலும் ஓர் ஓலை சில நூறு வருஷம் தாங்கினாலே பெரிசு. அதற்குள் ஒருவர் படித்துப் புது ஓலையில் எழுத வேண்டும். ஆயிரம் வருஷத்து நூல்கள் நம் கைக்கு வந்தது இந்த வழியில்தான்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் அப்படித்தான் பிழைத்தது. 1736-இல் தொடங்கி, 1761-இல் சாகும்வரை எழுதினார். பிறகு 85 வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. 1846-இல் கலுவா மொம்பிரோன் கண்ணில் பட்டு, உடனே பிரதி எடுக்கப்பட்டது. பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து அச்சு, மொழிபெயர்ப்பு என்று போய்த்தான் துய்ப்ளே காலத்துப் புதுச்சேரி இன்று நமக்குத் தெரிகிறது.

'இப்போதுதான் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறார்களே, அப்புறம் என்ன கவலை?' என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கேன் என்பது ஓலையின் போட்டோ. அதைப் படிக்கவும் கிரந்தம் தெரிந்தவர் வேண்டும். அந்தப் போட்டோ இருக்கும் டிஸ்க்கைப் படிக்க ஒரு டிரைவர் வேண்டும். ஆக, முன்பு ஒரு துபாஷி போதும், இப்போது இரண்டு!

எழுத்துரு கதையை மறந்துவிட்டீர்களா? 1990-களில் கம்பெனிக்கு ஒரு தமிழ் ஃபான்ட். ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் பலவற்றை இணையத்தில் ஏற்றியது. முதலில் 'திஸ்கி' குறியீட்டு முறையில். பிறகு யூனிகோடு வந்ததும் அலுக்காமல் அதற்கு மாற்றினார்கள். மாற்றாமல் விட்டவர்களின் கோப்புகள் எத்தனை இன்று படிக்க ஆளில்லாமல் கிடக்கின்றனவோ!

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டப்பா இருக்கும். அதில் பத்து ஃபிளாப்பி, நாலைந்து சி.டி. தாத்தா தட்டச்சு செய்த குடும்ப வரலாறோ, அக்கா கல்யாண ஆல்பமோ அதில் இருக்கலாம். ஓலை நூறு வருஷம் காத்திருக்கும். காந்தத் தகடு அவ்வளவு பொறுமைசாலி இல்லை. அதைப் படிக்கிற இயந்திரமும், இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஆளும் ஊரில் எங்கேயாவது இன்னும் இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணில் ஏறுங்கள்.