முன்றிலும் மன்றமும்: கிங்ஸ் கிராஸ் புகைவண்டி நிலையச் சூழல் பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

'இல்முன்' என்னும் தொடர் முன்பின்னாக மாறி 'முன்றில்' என நின்றது என்பதும், இலக்கணப்போலிக்கு அஃது எடுத்துக்காட்டாக வழங்குகின்றது என்பதும் தமிழ் பயில்வார் அறிந்தனவே. முன்றில் ஒரு வீட்டைச் சார்ந்த வெளி. அதற்கு உரியவர் உளர். அயலார் அங்கு நிற்பது உரியவர் தம் இசைவினால். மன்றமோ ஊரைச் சார்ந்த வெளி. அங்கு நிற்பதற்கு எவரிடத்தும் இசைவு பெறவேண்டுவதில்லை. கண்ணுக்கு இரண்டும் திறந்த வெளியே. உரிமையால் இரண்டும் வேறு.

இவ்வேறுபாட்டை உளத்திற்கொண்டு, இலண்டன் மாநகரில் கிங்ஸ் கிராஸ் புகைவண்டி நிலையத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். பாழ்பட்டுக் கிடந்த நகர்ப்பகுதியைப் புதுக்கிய முயற்சிகளுள் சிறந்ததொன்றாக அது பலராலும் போற்றப்படுகின்றது. அங்கு மீட்கப்பட்டது வெளி மட்டுமோ, அவ்வெளியின்மேல் மக்களுக்குள்ள உரிமையுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

நிலையம் எழுந்தமை

இப்பகுதியின் பழம்பெயர் பேட்டில் பிரிட்ஜ் என்பது. நான்காம் ஜார்ஜ் மன்னனின் நினைவாக 1830-ஐ ஒட்டி இங்குள்ள சந்தியில் ஒரு சின்னம் எழுப்பப்பட்டது. மக்கள் அதனை விரும்பினாரல்லர். 1845-இல் அஃது அகற்றப்பட்டது. சின்னம் போயிற்று, 'மன்னன் சந்தி' எனப் பொருள்படும் கிங்ஸ் கிராஸ் என்னும் பெயர் மட்டும் நின்றது.

1820-இல் திறக்கப்பட்ட ரீஜன்ட் கால்வாய் இப்பகுதியை முன்னரே வாணிக இடமாக்கியிருந்தது. கிரேட் நார்தர்ன் இருப்புப்பாதைக் குழுவினர், அம்மைநோய் மருத்துவமனை இருந்த இடத்தில் தம் நிலையத்தை அமைத்து 1852-இல் திறந்தனர். அதனை வகுத்தவர் லூயிஸ் கியூபிட். வண்டிகள் வந்து சேரும் கூடம் ஒன்றும் புறப்படும் கூடம் ஒன்றுமாக இரண்டு கூடங்கள். அவற்றின் வளைவுகளே முகப்பில் இரண்டு பெரும் செங்கல் வளைவுகளாய்த் தோன்றின. அகத்துள்ளதைப் புறத்தே ஒளிக்காது காட்டும் அவ்வெளிமை பிற்காலத்தில் பெரிதும் பாராட்டப்பட்டது. நிலையத்திற்கு வடக்கே, கால்வாயை அடுத்து, அவரே வகுத்த தானியக் களஞ்சியமும் எழுந்தது. லிங்கன்ஷயர்க் கோதுமை புகைவண்டியில் வந்து அங்கு இறங்கும். கால்வாய்ப் படகுகள் களஞ்சியத்தின் அடியிலேயே புகுந்து அதனை ஏற்றிச் செல்லும். வடபுல நிலக்கரியை இறக்குதற்குத் தனிக் கட்டடங்களும் அமைந்தன.

1868-இல் அண்டையில் திறக்கப்பட்ட செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தின் வரலாறு பிறிதொன்றையும் உணர்த்தும். அதற்கு வழிவிடும்பொருட்டு ஏகர் டவுன் என்னும் ஏழையர் குடியிருப்பு இடிக்கப்பட்டது. பழைய தேவாலயக் கல்லறை நிலத்தினூடும் பாதை சென்றமையால் புதைகுழிகள் தோண்டி அகற்றப்பட்டன. அப்பணியை மேற்பார்த்தவருள் ஒருவர், பின்னர் நாவலாசிரியராய்ப் புகழ்பெற்ற தாமஸ் ஹார்டி. அந்நாளில் அவர் இளம் கட்டடக் கலைஞர். எனவே, நிலையங்கள் வெற்று நிலத்தில் எழுந்தனவல்ல. வாழ்வார் இடத்தையும் மாய்ந்தார் இடத்தையும் கொண்டே எழுந்தன என்பது பெறப்படும்.

முன்றில் மறைந்தமை

நிலையத்தின் தென்முகப்பிற்கும் யூஸ்டன் சாலைக்கும் இடைப்பட்ட வெளியே அதன் முன்றில். காலப்போக்கில் சிறு கடைகளும் கொட்டில்களும் அதனை நிறைத்தன. முகப்பு 1954-இல் காக்கப்படவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் முதற்படியில் சேர்க்கப்பட்டிருந்தும், 1972-இல் பயணிகள் கூடம் ஒன்று அம்முகப்பை மறைத்துக் கட்டப்பட்டது. தற்காலிகம் என்னும் பெயரால் எழுந்த அக்கூடம் நாற்பது ஆண்டுகள் நின்றது. மக்கள் வந்து நிற்றற்குரிய வெளி, சீட்டு வாங்கும் இடமாயிற்று.

நிலையத்தின் பின்புறமோ வேறு வகையால் நலிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ச் சரக்குப் போக்குவரத்து இருப்புப்பாதையினின்று சாலைக்கு மாறவே, களஞ்சியமும் நிலக்கரிக் கட்டடங்களும் பயனற்றுப்போயின. 1980-களில் இப்பகுதி அஞ்சத்தக்க இடம் எனப் பெயர்பெற்றது. 1987 நவம்பர் 18-ஆம் நாள் சுரங்க இருப்புப்பாதை நிலையத்தில் மரத்தாலாகிய நகரும் படிக்கட்டின்கீழ்த் தீ மூண்டு 31 பேர் உயிரிழந்தனர். அணையாத தீக்குச்சி ஒன்று விழுந்ததும், அங்கே படிந்திருந்த எண்ணெய்ப் பசையும் குப்பையும் அதற்குக் காரணமாயின. பலர் கூடும் இடத்தைப் பேணாமை எத்துணைக் கொடிது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

அதே காலத்தில் நிலம் முழுவதையும் புதுக்குதற்கு ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. அலுவலகங்களே மிகுந்திருந்த அதனை எதிர்த்து, அப்பகுதி மக்கள் 'கிங்ஸ் கிராஸ் இருப்புப்பாதை நிலக் குழு' என்னும் அமைப்பாய்க் கூடித் தம் மாற்றுத் திட்டங்களை முன்வைத்தனர். 1990-களின் தொடக்கத்தில் நேர்ந்த பொருளாதாரச் சரிவால் பெருந்திட்டம் வீழ்ந்தது.

முன்றில் மீண்டமை

கால்வாய்ச் சுரங்க இருப்புப்பாதையைச் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திற்குக் கொணர வகைசெய்யும் சட்டம் 1996-இல் நிறைவேறியது. 2007 நவம்பரில் அப்பாதை திறக்கப்பட்டது. இதனால் நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. 67 ஏக்கர்ப் பரப்பைப் புதுக்குதற்குரிய திட்டத்திற்குக் கேம்டன் நகராட்சி 2006-இல் இசைவளித்தது. தெருக்களையும் சதுக்கங்களையும் முதற்கண் வகுத்து, அவற்றைச் சுற்றியே கட்டடங்களை அமைத்தலும், பழங்கட்டடங்களை இடியாது புதுப்பணிக்கு ஆக்கலும் அத்திட்டத்தின் சிறப்பியல்புகள்.

முன்றிலை மீட்ட முறை கருதத்தக்கது. பயணிகளுக்கு வேறு இடம் தாராது 1972-ஆம் ஆண்டுக் கூடத்தை அகற்றல் இயலாது. ஆதலின், ஜான் மெக்அஸ்லன் வகுத்த அரைவட்டக் கூடம் ஒன்று நிலையத்தின் மேற்புறத்தில் முதலில் எழுப்பப்பட்டு 2012 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதன்பின்னரே பழங்கூடம் இடிக்கப்பட்டது. 2013 செப்டம்பரில், ஏறத்தாழ 7,000 சதுர மீட்டர் பரப்புடைய கிங்ஸ் கிராஸ் சதுக்கம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கியூபிட்டின் இரு வளைவுகளும் மீண்டும் முழுமையாய்த் தோன்றின.

மன்றம் யாருடையது?

களஞ்சியக் கட்டடத்தில் 2011-இல் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரி குடிபுகுந்தது. படகுகள் வந்து நின்ற நீர்த்துறை இருந்த இடம், 2012-இல் கிரானரிச் சதுக்கம் ஆயிற்று. 1,080 நீர்த்தாரைகள் அங்கே தரையினின்று எழுகின்றன. கோடையில் சிறுவர் அவற்றிடை ஆடுகின்றனர். கால்வாய்க்கு இறங்கும் படிகளில் மாணவரும் முதியோரும் அமர்கின்றனர். நிலக்கரிக் கட்டடங்கள் 2018-இல் கடைவீதியாயின. காண்பார் இதனை மன்றம் என்றே கொள்வர். இந்நலங்களைக் குறைத்துக் கூறுதல் நடுவுநிலை ஆகாது.

ஆயினும் கிரானரிச் சதுக்கம் நகராட்சிக்கு உரியதன்று, நிலவுரிமையாளர்க்கே உரியது. அந்நிலவுரிமையில் அரசு நிறுவனம் ஒன்று கொண்டிருந்த 36.5 விழுக்காட்டுப் பங்கும் 2016-இல் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியம் ஒன்றற்கு விற்கப்பட்டது. அதன் உட்பொருள் 2019-இல் வெளிப்பட்டது. இந்நிலப்பரப்பில் 2016 முதல் 2018 வரை, வழிச்செல்வார் முகங்களை அடையாளங்காணும் கருவி, அவர்தம் அறிவின்றியே இயங்கியமை அவ்வாண்டில் தெரியவந்தது. தரவுப் பாதுகாப்பு ஆணையர் ஆய்வு தொடங்கினார். மீண்டும் அதனை நிறுவும் எண்ணமில்லை என உரிமையாளர் அறிவித்தனர். கருவி நின்றது; ஆயினும் அதனை நிறுவுமுன் மக்களைக் கேட்கவேண்டிய கடப்பாடு எங்குளது என்னும் வினா நின்றொழியவில்லை.

ஈண்டு ஒரு முரண் தோன்றும். தென்புறச் சதுக்கம் பெயரளவில் நிலையத்தின் முன்றிலே. எனினும் அஃது அரசுடைமையாகிய நெட்வொர்க் ரெயில் நிறுவனத்தைச் சார்ந்தமையால், அங்கு நடப்பன பற்றி மக்கள் தம் பிரதிநிதிகள் வாயிலாக நாடாளுமன்றத்தில் வினவலாம். வடபுறச் சதுக்கம் தோற்றத்தால் மன்றம், உரிமையால் முன்றில். முன்னது மன்றத்தின் இயல்பை ஓரளவு எய்திய முன்றில். பின்னது மன்றத்தின் வடிவு பூண்ட முன்றில்.

முடிவுரை

கிங்ஸ் கிராஸ் வரலாறு இரண்டு உண்மைகளை நிறுவுகின்றது. மறைந்த வெளியை மீட்டல் இயலும் என்பதும், பழங்கட்டடங்களை இடியாதே அதனைச் செய்யலாம் என்பதும் ஒன்று. வெளியை மீட்பதனாலேயே உரிமை மீளாது என்பது மற்றொன்று. நல்லுரிமையாளர் உள்ள வரை இவ்விரு சதுக்கங்களுக்கும் வேறுபாடு புலப்படாது. இசைவு மறுக்கப்படும் நாளில்தான் அது புலப்படும். ஆதலின், நகர்ப்புறங்களைப் புதுக்கும் முயற்சிகளை ஆராய்வார், ஆங்கு எத்துணை ஏக்கர் வெளி மக்களுக்குத் திறக்கப்பட்டது என்பதனோடு அமையாது, அவ்வெளியில் நிற்போர் எவர் இசைவினால் நிற்கின்றனர் என்பதனையும் வினவுதல் வேண்டும். முன்றில் என்றும் மன்றம் என்றும் நம் முன்னோர் இரு சொற்களால் பிரித்து வழங்கிய பொருள்களை, 'பொதுவெளி' என்னும் ஒரு சொல்லால் நாம் இன்று சுட்டுகின்றோம். அவ்வொரு சொல்லுக்குள் அவ்விரண்டும் மயங்கிக் கிடக்கின்றன என்பதை மறவாதிருத்தல் ஆராய்ச்சிக்கும் மக்கள் வாழ்விற்கும் ஒருங்கே நலம் பயக்கும்.