புறா எச்சமும் நுரையீரல் நோயும்: பண்ணைக் கட்டடங்களில் கவனிக்க வேண்டியவை

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் நெல்வயல்களை ஒட்டித் தகடு வேய்ந்த கொட்டகைகளும் கிடங்குகளும் மாட்டுத் தொழுவங்களும் உள்ளன. சிந்திய நெல்லும் மாட்டுத் தீவனமும் எளிதில் கிடைப்பதால் மாடப்புறாக்கள் இவற்றின் உத்தரங்களில் தங்கி, ஆண்டின் எந்தப் பருவத்திலும் கூடு கட்டுகின்றன. அவற்றின் உலர்ந்த எச்சமும் இறகுத் தூளும் காற்றில் கலந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடும்.

பாதிப்பு எத்தகையது?

எச்சத்திலும் இறகிலும் உள்ள புரதங்களைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு, நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி ஏற்படுகிறது. இது ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைடிஸ் எனப்படும். 2017-இல் வெளியான இந்திய ஆய்வில், இடைத்திசு நுரையீரல் நோயுற்ற 1,084 பேரில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு இந்நோயே கண்டறியப்பட்டது. ஏர்கூலர், பூஞ்சை, பறவைகள் ஆகியன அதற்குரிய காரணிகளுள் அடங்கும்.

எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, எச்.ஐ.வி. தொற்றுடையோர், உறுப்பு மாற்றம் பெற்றோர், நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்கு நுரையீரல் தொற்றையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கலாம்.

அறிகுறிகள்

• தூசியைச் சுவாசித்த சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர்நடுக்கம், வறட்டு இருமல், மூச்சுத்திணறல்
• அவ்விடத்தை விட்டு நீங்கியிருக்கும் நாட்களில் தணிந்து, திரும்பியதும் மீண்டும் தோன்றுதல்
• நாட்பட்ட நிலையில் நடக்கும்போது மூச்சிரைப்பு, சோர்வு, எடை குறைதல்

இவை காசநோய், ஆஸ்துமா ஆகியவற்றின் அறிகுறிகளை ஒத்திருக்கும். எனவே, புறாக்கள் உள்ள இடத்தில் வசிப்பதையோ பணிபுரிவதையோ மருத்துவரிடம் தவறாது தெரிவிக்கவும். சளிப் பரிசோதனையுடன் நுரையீரல் செயல்திறன் பரிசோதனை, சி.டி. ஸ்கேன் ஆகியனவும் தேவைப்படலாம். மருத்துவர் அறிவுறுத்தாமல் காசநோய் மருந்தை நிறுத்தக் கூடாது.

தூய்மை செய்யும் முறை

• நோயாளி, கர்ப்பிணி, குழந்தைகள் ஆகியோரை அப்புறப்படுத்திய பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.
• உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நன்கு ஊறவைத்துச் சுரண்டி எடுத்து, பையில் கட்டி அகற்ற வேண்டும்.
• என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது போதுமான பாதுகாப்பு அன்று.
• பணி முடிந்ததும் குளித்து, உடைகளைத் தனியே துவைக்க வேண்டும்.

புறாக்கள் அண்டாமல் தடுத்தல்

• சிந்திய தானியத்தை அன்றாடம் அகற்றி, தீவனத்தை மூடியுள்ள கலன்களில் வைக்கவும்.
• கூரை இடைவெளிகளையும் காற்றுப் போக்கிகளையும் 50 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள வலையால் அடைக்கவும். அடைக்குமுன் உள்ளே குஞ்சுகள் இல்லை என உறுதி செய்யவும்.
• புறாக்கள் அமரும் விளிம்புகளில் சரிவான பலகை பொருத்தவும்.
• நஞ்சு வைக்க வேண்டா. அது கால்நடைகளுக்கும் பிற பறவைகளுக்கும் கேடு. விலங்குகளைத் துன்புறுத்துவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். உணவும் இடமும் இருக்கும்வரை வேறு புறாக்கள் வந்துசேரும்.

கவனிப்போருக்கு

நோய் உறுதியானவர் புறா அடையும் இடத்திலிருந்து விலகியிருப்பதே சிகிச்சையின் முதற்படி. விலகாவிடில் மருந்து உட்கொண்டாலும் நுரையீரலில் நிலையான தழும்பு ஏற்படலாம். புறாக்கள் அகன்ற பின்பும் பழைய எச்சம் தீங்கு விளைவிக்கும். அதையும் முற்றிலும் அகற்றவும்.

கடும் மூச்சுத்திணறல், உதடு நீலநிறமாதல், தொடர் தலைவலியுடன் கழுத்து விறைப்பு ஆகியன தோன்றின் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.