மேலட்டை இழந்த நூல்கள்: தமிழ்த் துப்பறியும் நாவலின் முகப்பு

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதியோர் கதைப்பொருள், பாத்திரப் படைப்பு, மொழிநடை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். மேலட்டையை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு நோக்கியோர் மிகச் சிலரே. துப்பறியும் நாவலைப் பொறுத்தவரை இக்குறை பெரிது. பிற நாவல்களுக்கு மேலட்டை ஓர் அணி. துப்பறியும் நாவலுக்கோ அதுவே முதல் தடயம். கொலை நடந்தது என்பதை அது சொல்ல வேண்டும். கொலையாளியைக் காட்டிவிடக் கூடாது.

இவ்வெண்ணம் நமக்குத் தோன்றியது சித்தியவானில். அவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் வாழ்ந்து, பின்னர்த் தாமான் வீட்டிற்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று, தகரப் பெட்டி நிறைய நூல்களைக் காட்டியது. பாதிக்கு மேற்பட்டவை துப்பறியும் கதைகள். அவற்றுள் பலவற்றுக்கு மேலட்டை இல்லை. அவ்வீட்டு மூதாட்டியார் எழுத்தறியாதவர். லயத்துத் திண்ணையில் கணவர் உரக்கப் படிக்கக் கேட்டவர். எந்நூலின் தலைப்பும் அவருக்கு நினைவில்லை. "துப்பாக்கிப் பொம்பளை கதை, மண்டையோட்டுக் கதை" என்றே பிரித்துச் சொன்னார். மேலட்டை கிழிந்துபோன நூல்களை அவரால் அடையாளம் காட்ட இயலவில்லை. அவருக்கு மேலட்டையே தலைப்பு.

தொடக்க காலத் துப்பறியும் நாவல்களை இத்தகைய வாசகரை மனத்திற்கொண்டு அச்சிட்டதாகத் தெரியவில்லை. ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் காலத்தில் நூல்முகப்பு பெரிதும் எழுத்தையே நம்பியிருந்தது. தலைப்பு, ஆசிரியர் பெயர், அச்சுக்கூடம், விலை ஆகியவை பூவேலைக் கரைக்குள் அடுக்கப்பட்டன. ஓவியம் செய்யவேண்டிய பணியைத் தலைப்பில் வரும் 'அல்லது' என்னும் சொல்லே அக்காலத்தில் செய்தது எனலாம். மலாயாவில் 1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' துப்பறியும் நாவலன்று. ஆயினும் அதன் தலைப்பும் இம்மரபினதே. பெயரைச் சொல்லி, அடுத்து உள்ளே இருப்பது இன்னதென்று குறிப்புக் காட்டும் முறை அது. ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்', துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' ஆகிய இரண்டும் 1935இல் திரைப்படங்களாயின. நாவலின் முகம் சுவரொட்டியின் முகத்தோடு உறவுகொள்ளத் தொடங்கியதற்கு இவ்வாண்டை ஒரு குறியாகக் கொள்ளலாம்.

பட முகப்பு வந்தபோது அதன் இயல்பை ஓவியரோடு அச்சகமும் தீர்மானித்தது. எழுத்தச்சில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனி பிளாக் வேண்டும். தாளும் அத்தனை முறை இயந்திரத்தினுள் செல்ல வேண்டும். ஆகவே கறுப்பும் மற்றொரு வண்ணமும் என்பதே மலிவுப் பதிப்புக்குக் கட்டுப்படியான கணக்கு. அம்மற்றொரு வண்ணம் சிவப்பாயின், தலைப்பெழுத்து, கரை, கத்திமுனைத் துளி ஆகிய மூன்றும் ஒரே பிளாக்கில் அடங்கிவிடும். குருதியைக் காட்டவே சிவப்பு வந்தது என்று மட்டும் கூறிவிடுவது, அச்சுக்கோப்பவரின் சிக்கனத்தை மறப்பதாகும்.

மேனாட்டுப் பதிப்புலகம் இதே சிக்கலை வேறு வகையில் தீர்த்தது. இத்தாலியின் மொண்டடோரி நிறுவனம் 1929இல் தொடங்கிய துப்பறியும் வரிசைக்கு மஞ்சள் அட்டையிட்டது. மஞ்சளைக் குறிக்கும் 'ஜாலோ' என்னும் சொல்லே அம்மொழியில் அவ்வகைக் கதைக்குப் பெயராயிற்று. 1935இல் இங்கிலாந்தின் பெங்குவின் பதிப்பகம் குற்றக்கதைகளுக்குப் பச்சை நிறத்தை ஒதுக்கியது. தமிழில் எந்நிறமும் அவ்வாறு நிலைபெறவில்லை. மஞ்சளோ நம்மிடையே அவதூறு இதழ்களுக்குப் பெயராகிவிட்டது!

நிறத்திற்குப் பதில் தமிழில் நிலைபெற்றது ஆள். தமிழ்வாணனின் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இதற்குத் தலைசிறந்த சான்று. அவர் படைத்த துப்பறிவாளர் சங்கர்லால். ஆனால் வாசகர் மனத்தில் பதிந்த சின்னம் ஆசிரியருடையது. சில கோடுகளிலேயே வரைந்துவிடக்கூடிய அவ்வுருவம், எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் படிக்கவே அறியாதவரும் ஒருங்கே அறிந்துகொள்ளும் முத்திரை. திண்ணையில் கேட்டு மகிழ்ந்த தோட்டத்து மக்களுக்கு இத்தகைய முத்திரை எவ்வளவு உதவியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1980களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா முதலியோரின் மாத நாவல்கள் பெருகின. ஆப்செட் அச்சு பல வண்ணங்களை எளிதாக்கியது. குறித்த நாளில் கடைக்கு வந்தாக வேண்டிய இதழ்களில், முழுக்கதையையும் படித்தபின் முகப்பை வடிவமைக்கும் வாய்ப்பு அரிது. அட்டையில் அச்சத்தோடு நோக்கும் பெண் கதையில் எங்குமே வராத மேலட்டைகளை நாம் கண்டிருக்கிறோம். இதை ஏமாற்று என்று கடிந்துரைப்போர் உண்டு. நமது கருத்து வேறு. கடையின் கயிற்றில் கவ்வியிட்டுத் தொங்கும் நூல், சில அடி தொலைவில் நிற்பவரிடம் தன் இனத்தை அறிவிக்க வேண்டும். அவ்வட்டை தனியொரு கதையின் சுருக்கமன்று. ஒரு வகைமையின் கொடி. கதைக்கும் அட்டைக்கும் உள்ள பொருத்தத்தை மட்டும் வைத்து அதனை எடைபோடுவது தவறான தராசு.

இவற்றைப் பாதுகாப்பதில் நமது நிறுவனங்கள் காட்டும் பொறுப்பு வருந்தத்தக்கது. நாம் முனைவர் பட்ட ஆய்வின்போது பயன்படுத்திய வெளிநாட்டு நூலகம் ஒன்று, மேலட்டைகளைக் களைந்துவிட்டுக் கெட்டிக் கட்டடம் செய்திருந்தது. நூலைக் காக்கவே அவ்வாறு செய்தனர், முகம் போயிற்று. நாடு திரும்பியபின் இங்கும் அதையே கண்டோம். மாத நாவல்களை நூலென ஏற்காமல் கழித்துவிடும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. 2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது மேலட்டைப் படங்களையும் அச்சிட்டது. தமிழ்த்துறையினர் செய்திருக்க வேண்டிய பணியை ஆங்கிலப் பதிப்பகம் முந்திச் செய்தது என்பதில் நமக்குச் சற்று நாணமே.

மீண்டும் அத்தகரப் பெட்டிக்கு வருவோம். அதிலிருந்த நூலொன்றுக்கு உரியவரே அட்டை செய்திருந்தார். பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பி மடித்து, வெண்புறத்தில் பென்சிலால் தலைப்பை எழுதி, அதன்கீழ் 'துப்பறியும் கதை' எனக் குறித்து, ஒரு கத்தியையும் வரைந்திருந்தார். கத்தி அளவுக்கு மீறிப் பெரிது; பிடியோ சிறிது. தாளின் உட்புறத்தில் வண்ணம் மங்காத முருகப்பெருமான். மூதாட்டியார் அதைக் கையில் வாங்கியவுடன், "இது கத்திக் கதை, அவரு வரைஞ்சது" என்றார். இரு புறத்தையும் படமெடுத்துக்கொண்டு நூலை அவரிடமே திருப்பித் தந்தோம்.