ராதாரிச் சீட்டு

திருப்பூரில் நம் ஆலயத்திற்கு ஞாயிறுதோறும் வருவோருள் பனியன் கம்பெனிகளில் உழைக்கும் ஜார்க்கண்டு, ஒடிசா இளைஞர் பலர் உளர். அவருள் ஒருவர் அண்மையில் நம்மிடம் கடிதம் ஒன்று கேட்டார். எரிவாயு இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டுமாம். அவர் இத்தெருவில்தான் வசிக்கிறார் என்று நாம் எழுதித் தர வேண்டும். செல்லுமோ செல்லாதோ, எழுதிக் கொடுத்தோம். நாட்டின் எப்பகுதியிலும் நடமாடவும் குடியிருக்கவும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு உரிமை தந்திருக்க, இந்தச் சீட்டு எதற்கு என்ற எண்ணம் மட்டும் நம்மை விட்டகலவில்லை.

சீட்டுக்கு நம் மண்ணில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1871இல் ஆங்கிலேயர் வடநாட்டில் கொணர்ந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் ஆடவர் பலர் காவல் நிலையத்திலோ சாவடியிலோ இரவைக் கழிக்க வேண்டியிருந்தது. வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த ஊராயினும் விலக்கில்லை. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாண்டோருள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். இம்மக்களுக்காக வாதாடிய கிறிஸ்தவ வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்றழைத்தனர். நம்மவருள் எத்தனை பேர் அவரை அறிவர்? சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது.

அந்நியர் ஆட்சிதான் இவ்வாறு செய்யும் என்பதற்கில்லை. தொழிலாளர் அரசு என்று பெயர் பூண்ட சோவியத் நாடும் 1932 டிசம்பரில் உள்நாட்டுக் கடவுச்சீட்டையும் 'புரோப்பிஸ்கா' என்னும் குடியிருப்பு முத்திரையையும் ஏற்படுத்தியது. முத்திரை இல்லாதவர் நகரில் முறையாக வேலையோ வீடோ பெற இயலாது. கூட்டுப்பண்ணை உழவர் அனைவருக்கும் கடவுச்சீட்டு வழங்க 1974இல்தான் முடிவாயிற்று. அவ்வாட்சி வீழ்ந்தபின், 1993இல் ரஷ்யச் சட்டம் 'அனுமதி'யை வெறும் 'பதிவு' ஆக்கியது. ஆயினும் மாஸ்கோ போன்ற இடங்கள் புதிதாய்க் குடியேறுவோரிடம் பெருங்கட்டணம் கேட்டன. 1996இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட நேர்ந்தது.

நம் ஊரில் அத்தகைய தடை இல்லை. மதுரை, தேனிப் பக்கத்து மக்கள் பேருந்தேறி வந்து இங்கே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தபோது எவரும் ராதாரிச் சீட்டுக் கேட்கவில்லை. வடவர் வந்தபோதும் கேட்கவில்லை. ஆனால் வடவரின் குடும்ப அட்டை அவர்தம் ஊரிலேயே நின்றுவிட்டது. 2020 ஊரடங்கில் அதன் விலை தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தமிழகம் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இணைந்தபின், பிற மாநில அட்டையாளரும் இங்குள்ள நியாயவிலைக் கடையில் தானியம் பெறலாம் என்றாயிற்று. அதற்கும் விரல்ரேகைதான் சாவி. சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் நம் இளைஞரின் விரலை இயந்திரம் இருமுறை ஏற்கவில்லையாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

திருச்சபைச் சட்டத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். ஒரு பங்கின் எல்லையில் மூன்று மாதம் தங்கினாலே ஒருவர் அப்பங்கைச் சேர்ந்தவராவார் என்கிறது 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு. எங்கும் நிலையாத் தங்குமிடம் இல்லாதவருக்கு, அவர் அப்போது இருக்குமிடத்துப் பங்குத்தந்தையே பங்குத்தந்தை. சான்று எழுதித் தந்த அவ்விளைஞர் இங்கு வந்து நான்காண்டு ஆகிறது. நம் பங்கின் குடும்பப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடினோம். அதில் இல்லை.