செல்லுக்குள் எஞ்சுவது எது?

விரிதாள் வேலைக்கான செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது வேகம், விலை, நாம் சொல்வது அதற்கு எந்த அளவுக்குப் புரிகிறது ஆகிய மூன்றையும்தான். 1980-களில் கணினிப் பத்திரிகைகள் விசிகால்க், சூப்பர்கால்க், மல்டிபிளான், லோட்டஸ் 1-2-3 ஆகியவற்றை எடைபோட்டதும் ஏறக்குறைய இதே தராசில்தான். தராசில் பழுதில்லை; சந்தையில் எது விற்கும் என்பதை அது ஓரளவு சரியாகவே காட்டியது. ஆனால் விரிதாள்களால் வந்த பேர்பெற்ற சேதங்களை எடுத்து வைத்துப் பார்த்தால், மென்பொருள் மெதுவாக ஓடியதால் வந்தது என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். ஓர் எண் எப்படி வந்தது என்பது உரிய நேரத்தில் யார் கண்ணிலும் படாமல் போனதுதான் திரும்பத் திரும்ப வரும் காரணம். ஆகவே இந்தக் கருவிகளிடம் முதலில் கேட்கவேண்டியது வேறு: வேலை முடிந்தபின் செல்லுக்குள் எஞ்சுவது கணக்குப் போட்ட வழியா, வெறும் விடையா?

இந்தக் கேள்வி விரிதாளோடு சேர்ந்தே பிறந்தது. கணினிக்கு முன்பு அது அகலமான கோடிட்ட தாள். ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த கூட்டல்கள் அத்தனையையும் அழித்து மறுபடி போட்டாக வேண்டும். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், கரும்பலகையில் இந்த அழிப்பும் திருத்தமும் நடப்பதைப் பார்த்து யோசித்ததன் விளைவுதான் விசிகால்க். பாப் ஃபிராங்க்ஸ்டனுடன் சேர்ந்து அவர் ஆப்பிள் 2 கணினிக்கு உருவாக்கிய அந்த மென்பொருள் 1979-ல் விற்பனைக்கு வந்தது. 63 நெடுவரிசை, 254 கிடைவரிசை, அவ்வளவுதான். கணினியில் பட்ஜெட் போடும் யோசனை அவருக்கு முன்பே இருந்தது. ரிச்சர்ட் மேத்தசிச் 1961-லேயே அதைப் பற்றி எழுதியிருந்தார். 1969-ல் ரெனே பார்டோவும் ரெமி லாண்டௌவும் லான்பார் என்ற நிரலைச் செய்திருந்தார்கள். விசிகால்க்கைப் புகழ்கிறவர்கள் ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தானாக மாறுவதைத்தான் சொல்வார்கள். அதைவிடப் பெரிய காரியம் திரையின் மேல்வரியில் நடந்தது என்பது என் கருத்து. கட்டத்தில் விடை இருக்கும்; கர்சரை அதன்மேல் கொண்டுபோனால் அந்த விடையைத் தந்த ஃபார்முலா மேலே தெரியும். பேரேட்டுக்கு இந்தக் குணம் கிடையாது. அதில் எண் மட்டும்தான் இருக்கும், வழி கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருக்கும், அவர் ஓய்வுபெறும் நாளில் அதுவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

1983 ஜனவரியில் மிட்ச் கேபரும் ஜோனதன் சாக்ஸும் ஐபிஎம் பிசிக்கு லோட்டஸ் 1-2-3-ஐக் கொண்டுவந்தார்கள். வேகம் கூடியது, வரைபடம் சேர்ந்தது, முதல் ஆண்டிலேயே நிறுவனத்தின் விற்பனை 5 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டே ஆண்டில் விசிகால்க்கை எழுதிய நிறுவனத்தையே லோட்டஸ் வாங்கிவிட்டது. பிறகு எக்செல் வந்து லோட்டஸைப் பின்னுக்குத் தள்ளியது. இந்த அரியணைச் சண்டையில் எனக்கு அதிக ஆர்வமில்லை. அது விட்டுச்சென்ற ஒரு தடயம் மட்டும் முக்கியம். 1900 லீப் ஆண்டு அல்ல. லோட்டஸ் 1-2-3 அதை லீப் ஆண்டாகவே எண்ணியது. லோட்டஸில் போட்ட தாள்கள் தேதி பிசகாமல் திறக்கவேண்டும் என்பதற்காக எக்செல்லும் அந்தத் தவற்றை அப்படியே எடுத்துக்கொண்டது. நாட்காட்டியில் இல்லாத 1900 பிப்ரவரி 29 எக்செல்லில் இன்றும் இருக்கிறது. கருவி செத்துப்போனாலும் தாள் வாழ்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை. சாதாரண ஆங்கிலத்தில் கட்டளை தட்டினால் வேலை செய்யும் ஹால் என்ற துணை நிரலையும் லோட்டஸ் நிறுவனம் 1980-களின் பின்பாதியில் விற்றது. இன்று புதுமையாகப் பேசப்படும் ‘பேச்சுமொழியில் எக்செல்’ அப்போதே கடைக்கு வந்துவிட்டது. அது நிலைக்கவில்லை. ஆனால் அது இயக்கியது 1-2-3-ன் வழக்கமான கட்டளைகளைத்தான் என்பதால், ஹாலை எல்லோரும் மறந்தபின்பும் அதைக்கொண்டு போட்ட தாளை ஹால் இல்லாமலே திறந்து படிக்க முடிந்தது. ஒரு தாளை அடுத்துத் திறக்கப்போகிறவரிடம் நம் கருவி இருக்குமா என்று தெரியாது. அவருக்குக் கிடைப்பது செல்லில் இருப்பது மட்டுமே.

ஃபார்முலா கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் என்ன, அதை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரே பாங்கோ போன்ற ஆய்வாளர்கள், மனிதர் போடும் விரிதாள்களில் பிழை இருப்பது விதிவிலக்கல்ல, வழக்கம் என்று 1990-களிலிருந்தே சொல்லிவருகிறார்கள். ஜே.பி.மார்கன் வங்கி 2012-ல் ‘லண்டன் திமிங்கிலம்’ எனப்படும் வர்த்தக விவகாரத்தில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தபோது, இடரைக் கணக்கிட்ட மாதிரி ஒன்று எக்செல் தாள்களுக்கிடையே கையால் நகலெடுத்து ஒட்டி ஓட்டப்பட்டது தெரியவந்தது. சராசரியால் வகுக்கவேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். இடர் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. அந்த இழப்பு முழுவதையும் ஒரு ஃபார்முலாவின் தலையில் கட்டுவது தவறு, பந்தயம் கட்டியவர்கள் மனிதர்கள். ஆனாலும் வங்கியின் சொந்த விசாரணைக் குழுவால் 2013-ல் அந்தப் பிழையை இன்னது என்று பெயர்சொல்லி எழுத முடிந்தது, வகுத்தல் அங்கே எழுத்தில் இருந்ததால்தான். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் செய்தது இன்னும் தெளிவான உதாரணம். அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்ற கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோரின் 2010-ஆம் ஆண்டுக் கட்டுரையை அவர் வெளியில் கிடைத்த தரவுகளைக் கொண்டு மறுபடி போட்டுப் பார்த்தார், விடை பொருந்தவில்லை. ஆசிரியர்களே தங்கள் எக்செல் கோப்பை அனுப்பியபின்தான் விஷயம் புலப்பட்டது: சராசரியின் எல்லை நடுவில் நின்றுபோய் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் வெளியே கிடந்தன. மைனஸ் 0.1 என்று சொல்லப்பட்ட சராசரி வளர்ச்சி, ஹெர்ண்டன் குழுவின் திருத்தத்தில் 2.2 சதவீதம் ஆயிற்று. இந்த வேறுபாட்டில் எல்லைப் பிழையின் பங்கு சிறியது. சில ஆண்டுகளை விட்டதும் நாடுகளுக்கு எடைகொடுத்த முறையும்தான் அதிகம் பாதித்தன. அவற்றையும் காட்டிக்கொடுத்தது அதே கோப்புதான். ஆக, ஃபார்முலா பிழையைத் தடுப்பதில்லை. பிழை நேர்ந்தபின் அதைத் தேடிப் போகிறவருக்கு அது வழிவிடுகிறது.

வழிவிடாத பிழைகள் எப்படியிருக்கும் என்பதையும் விரிதாள் வரலாறு காட்டியிருக்கிறது. எக்செல் உதவி செய்ய நினைக்கும் மென்பொருள். நாம் ஏதோ தட்டினால், அது தேதிபோலத் தோன்றினால், கேட்காமலே தேதியாக்கிவிடும். மனித மரபணுக்களில் செப்ட்1, மார்ச்1 என்று சுருக்கப்பெயர் கொண்டவை இருந்தன. அவற்றைத் தாளில் இட்டால் செப்டம்பர் முதல் தேதியும் மார்ச் முதல் தேதியும் ஆகிவிட்டன. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் இறங்கிவந்தது அறிவியல்தான்: மரபணுப் பெயர்களுக்குப் பொறுப்பான குழு 2020-ல் செப்ட்1-ஐ செப்டின்1 என்றும் மார்ச்1-ஐ மார்ச்எஃப்1 என்றும் மாற்றி அறிவித்தது. தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-ல்தான் தந்தது. இங்கே நடந்தது கணக்குப் பிழை அல்ல, ஊகம். பயனர் மனதில் இருப்பதை ஊகித்து, அந்த ஊகத்தின் சுவடே இல்லாமல் விடையை மட்டும் செல்லில் வைத்த செயல். இங்கிலாந்தில் 2020 இலையுதிர்காலத்தில் 15,841 கோவிட் நோயாளிகளின் பதிவு உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன.

ஊகத்தைத் திட்டமிட்டே நல்ல கருவியாக்கியவர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் சுமித் குல்வானி. எக்செல் 2013-ல் வந்த ஃபிளாஷ் ஃபில் அவருடைய ஆய்விலிருந்து பிறந்தது: முழுப்பெயர்கள் நிறைந்த நெடுவரிசைக்குப் பக்கத்தில் ஓரிரண்டு முதற்பெயர்களை நீங்கள் தட்டினால், மிச்சத்தை அதுவே நிரப்பும். உள்ளுக்குள் அது உங்கள் உதாரணங்களிலிருந்து ஒரு சிறு நிரலைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் தாளில் வைப்பது எழுத்துகளை மட்டும்தான். மூலப் பெயரை நீங்கள் பிற்பாடு திருத்தினால் பக்கத்துச் செல் மாறாது. ‘வெறும் விடை’ வைக்கும் கருவியைப் பத்தாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தியும் வானம் இடிந்துவிடவில்லையே என்று இதைக் காட்டி வாதிடலாம். இடியாததற்குக் காரணம் உண்டு. பெயரைப் பிரித்தது சரியா தவறா என்பது அந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும். சரிபார்க்கத் தேவையான சாட்சி பக்கத்துச் செல்லிலேயே நிற்கிறது. ஆயிரம் வரிசைகளின் எடையிட்ட சராசரிக்கு அந்த வசதி இல்லை.

இந்தப் பின்னணியில் இன்றைய கருவிகள் ஒரு குடும்பமாகத் தெரிவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2023-ல் அறிவித்த கோபைலட், ஆரம்பத்தில் எக்செல்லுக்குள் செய்த முக்கிய வேலை, கேட்டதற்கு ஏற்ற ஃபார்முலா நெடுவரிசை ஒன்றை விளக்கத்தோடு முன்மொழிவது. ஏற்றுக்கொண்டால் செல்லில் இருப்பது யாரும் படிக்கக்கூடிய சாதாரண ஃபார்முலா. சாட்ஜிபிடி அதே ஆண்டு ஜூலையில் கட்டணப் பயனர்களுக்குப் பரவலாகத் திறந்துவிட்ட ‘கோட் இன்டர்ப்ரெட்டர்’ வேறு சாதி. கோப்பை வெளியே எடுத்துப்போய் பைத்தான் நிரல் எழுதி ஓட்டி, முடிவை மறுபடி கோப்பாகத் தருகிறது. நிரலைப் பார்க்க முடியும் என்பது உண்மை. ஆனால் அது அரட்டைச் சாளரத்தில் தங்கிவிடுகிறது, திரும்பி வரும் தாளில் பல நேரம் ஃபார்முலாக்கள் உதிர்ந்து எண்கள்தான் இருக்கும். 2025-ல் மைக்ரோசாஃப்டும் கூகுளும் செல்லுக்குள்ளேயே மொழி மாதிரியை அழைக்கும் ஃபங்ஷன்களைக் கொண்டுவந்தன. அங்கே செல்லில் எழுதியிருப்பது ஃபார்முலா போலத் தோன்றும் வேண்டுகோள், வழி அல்ல. துல்லியமோ மறுபடி செய்தால் அதே விடையோ தேவைப்படும் வேலைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், கூட்டல் கழித்தலுக்கு எக்செல்லின் சொந்த ஃபார்முலாக்களே இருக்கின்றன என்று மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் எழுதியது. விற்பவரே இப்படி எழுதும்போது ஒப்பிடுகிறவர் அதைத் தாண்டிப்போவது ஆச்சரியம். வாடிக்கையாளர்கள் கைக்கு வந்தபடி எழுதிய புகார்களை வகைபிரிக்க இந்த ஃபங்ஷன்களைவிட நல்ல வழி முன்பு இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வேலைக்கு எழுதக்கூடிய ஃபார்முலாவே கிடையாது, புகாரும் பக்கத்துச் செல்லிலேயே இருக்கிறது.

துல்லியம் நாளுக்கு நாள் கூடுகிறது, ஒருநாள் மனிதனைவிடப் பிழை குறைந்தபின் வழி எதற்கு என்பது வலுவான மறுப்பு. எக்செல்லின் ‘ஏஜென்ட்’ முறைக்கு 2025-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சோதனை எண் 57.2 சதவீதம், அதே சோதனையில் மனிதருக்கு 71.3; இந்த இடைவெளி குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரைன்ஹார்ட், ரோகாஃப் கட்டுரைமேல் எழுந்த சச்சரவில் பெரும்பகுதி கூட்டல் பற்றியதே அல்ல. எந்த ஆண்டைச் சேர்ப்பது, எந்த நாட்டுக்கு எவ்வளவு எடை என்ற தேர்வுகள் பற்றியது. தேர்வுக்குச் சரி தவறு என்ற சோதனை மதிப்பெண் கிடையாது, அதைப் பார்த்து மறுக்க இடம் வேண்டும். இன்னொரு மறுப்பு எனக்குப் பிடித்தது: ஃபார்முலா தெரிந்தும் படிக்கத் தெரியாத பெரும்பான்மைக்கு அந்த மேல்வரி இருந்தும் இல்லாததுதானே? ஆமாம். ஐந்து பேர் கைமாறி, ஆறு தாள்களைத் தாவி ஓடும் ஃபார்முலாவை எளிய வாக்கியங்களாக்கிச் சொல்வதில்தான் இந்தக் கருவிகள் இதுவரை யாரும் தராத உதவியைத் தருகின்றன. அந்த விளக்கம் தவறாகவும் இருக்கலாம். அப்போதும் ஃபார்முலா செல்லில் அப்படியே இருக்கும், வேறொருவர் வந்து வேறு விதமாகப் படிக்க.