பத்துக்கு ஆறு - பாஸா, ஃபெயிலா?

பயாப்சி ரிப்போர்ட்டில் "கிளீசன் ஸ்கோர் 6" என்று இருக்கிறது. அளவுகோல் பத்து வரை. கேன்சர் என்ற வார்த்தையிலேயே நடுங்கிப் போனவர் இதை எப்படிப் படிப்பார்? பாதிக்கு மேல் முற்றிவிட்டது என்றுதானே!

விஷயம் நேர் எதிர். ப்ராஸ்டேட் புற்றுநோயில் நடைமுறையில் 6தான் ஆகக் குறைந்த ஸ்கோர். இந்தக் கூத்து எப்படி வந்தது?

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தவர் டாக்டர் டொனால்ட் கிளீசன். மைக்ராஸ்கோப்பில் தெரியும் திசுவை 1 முதல் 5 வரை வகை பிரித்தார் (1 என்றால் கிட்டத்தட்ட இயல்பான சுரப்பி, 5 என்றால் ஒழுங்கே இல்லை). ஒரே கட்டியில் இரண்டு வகை கலந்திருக்கும் என்பதால், அதிகம் தெரியும் இரண்டையும் கூட்டினார். ஆக, 2 முதல் 10 வரை. 1966ல் இது வெளியானது.

டாக்டர்களுக்காக ஒரு டாக்டர் போட்ட கணக்கு அது. நோயாளி கைக்குப் போகும் என்று அன்று யார் நினைத்தார்கள்? 1961ல் சிகாகோவில் எடுத்த சர்வேயில், சுமார் 90 சதவீத டாக்டர்கள் கேன்சர் என்பதையே நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை! 1979ல் இன்னொரு சர்வே. 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். சொல்ல ஆரம்பித்தார்கள், கணக்கு மட்டும் பழையதே.

இதற்கிடையே பயாப்சியில் 1, 2 வகைகளைப் போடுவது ஏறக்குறைய நின்றுபோனது. அதனால் 3+3=6 அடிமட்டமானது. 7 இன்னும் வேடிக்கை. 3+4ம் 7, 4+3ம் 7. இடம் மாற்றிக் கூட்டினாலும் ஒன்றுதான் என்று ஸ்கூலில் படித்தோமே? இங்கே 4+3 தான் மோசம்.

2013ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஜொனாதன் எப்ஸ்டீன் குழு இதை 1 முதல் 5 வரை ஐந்து குரூப்பாக மாற்றச் சொன்னது. பழைய 6 இனி குரூப் 1. 3+4 குரூப் 2. 4+3 குரூப் 3. 2014ல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள் ஏற்றார்கள், 2016ல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. (காமர்ஸ்காரன் பாஷையில், அதே கணக்கு, பேலன்ஸ் ஷீட் ஃபார்மேட் மட்டும் வேறு!)

ஆனால் சும்மா இல்லை. 6ஐப் பார்த்துப் பயந்து ஆபரேஷனுக்குப் போனால், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம், ஆண்மைக் குறைவும் வரலாம். குரூப் 1 என்றால் பலருக்கு ஆபரேஷனே வேண்டாம், அவ்வப்போது டெஸ்ட் எடுத்துக் கவனித்தாலே போதும்.

குரூப் 1ஐ கேன்சர் என்றே அழைக்கக் கூடாது என்கிறார்கள் சில டாக்டர்கள். ஊசியில் சிக்காத மோசமான பகுதி உள்ளே இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள் மற்றவர்கள்.