பனிக்கட்டி தீர்ந்த பின்

அகச்சிவப்புக் கதிர்களைத் தேடும் தொலைநோக்கிக்கு முதற்பகை அதன் சொந்த உடல்தான். சூடுள்ள எப்பொருளும் அகச்சிவப்பில் ஒளிரும். ஆதலால் குளிர்விக்கப்படாத கருவியைத் தன்னுடைய ஒளியே குருடாக்கிவிடும். 1983 ஜனவரியில் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் இதற்காகத் திரவ ஹீலியத்தைச் சுமந்து சென்றது. அது சிறுகச் சிறுக ஆவியாகி வெப்பத்தை அள்ளிச் சென்றது. நவம்பரில் ஹீலியம் தீர்ந்தது; ஐராஸின் பார்வையும் அத்துடன் முடிந்தது.

1997 பிப்ரவரியில் ஹப்பிள் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட நிக்மாஸ் கருவியும் இந்த மரபில் வந்ததே. அதில் ஹீலியத்துக்குப் பதில் உறைந்த நைட்ரஜன். நான்கரை ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் நைட்ரஜன் பனிக்கட்டி விரிந்து குடுவையின் உட்பகுதியைத் தள்ள, தொடக்கூடாத வெப்பமான பாகம் ஒன்றை அது தொட்டுவிட்டது. மூன்று காமிராக்களில் ஒன்றின் குவியம் பிசகியது. வெப்பம் உட்கசிந்து, 1999 ஜனவரியில் நைட்ரஜன் முழுதும் தீர்ந்தது. உணரிகள் நலமாகவே இருந்தன, குளிர்தான் இல்லை.

தீர்ந்துபோகாத குளிர் வேண்டுமென்றால் இயந்திரம் வேண்டும். இயந்திரமோ அதிரும், ஹப்பிளோ மிகச் சிறிய அதிர்வையும் பொறுக்காது. நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த கிரியேர் நிறுவனம் இதற்குக் கண்ட விடை, நிமிடத்துக்கு 4,00,000 சுற்றுகள் வரை சுழலக்கூடிய நுண்ணிய டர்பைன்கள். நியான் வாயுவை அழுத்தி, அதன் வெப்பத்தை விண்வெளிக்குக் கழித்து, பின் விரியவிட்டுக் குளிரவைக்கும் சுழற்சி அது. 1998 அக்டோபரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் அதைச் சோதித்தார்கள். அப்பயணத்தில் 77 வயது ஜான் கிளென் இருந்தார். செய்தித்தாள்களுக்கு அவர் போதுமானவராக இருந்தார்.

2002 மார்ச்சில் கிரன்ஸ்ஃபெல்டும் லினஹனும் விண்நடை சென்று குளிர்விப்பானைப் பொருத்தினர். நைட்ரஜனைத் தரையில் உறையவைக்கப் பயன்பட்ட குழாய்ச் சுருள் குடுவைக்குள்ளேயே இருந்தது. நியான் அதன் வழியே பாய்ந்தது. என்னை மிகவும் கவர்ந்தது இந்தச் சிக்கனம்தான். உணரிகள் சுமார் 77 கெல்வினுக்கு இறங்கின. பனிக்கட்டி தந்த குளிரைவிட இது சற்றுக் குறைவு; ஆனால் உணரிகளின் கூர்மையோ முன்னிலும் கூடியது. மூன்றாண்டுகள் உறங்கிய கருவி மேலும் ஆறாண்டுகள் கண்டது.

2008 செப்டம்பரில் நிறுத்தப்பட்ட குளிர்விப்பான் பின்னர் சரிவர இயங்கவில்லை. இயந்திரங்கள் மீதான நம்பிக்கை அதனால் குலைந்துவிடவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மிரி கருவிக்கு முதலில் திண்ம ஹைட்ரஜனையே எண்ணியிருந்தார்கள். பிறகு அதைக் கைவிட்டு ஹீலியம் சுழலும் குளிர்விப்பானைத் தேர்ந்தார்கள். 2022 ஏப்ரல் 7 அன்று மிரி 7 கெல்வினுக்கும் கீழே குளிர்ந்தது.